மூன்றாம் கியர்

மார்டள்ளி கடைத்தெருவைத் தாண்டி இருக்கும் அந்த ஒர்க்‌ஷாப்பின் வாசலில் சின்னதாக ஒரு மேடு. டிராக்டரும் டெம்போவும் அதைக் கண்டுகொள்ளாமல் ஏறிவிடும். வெள்ளை ஐ10 மட்டும் அங்கே வந்து தயங்கியது. இன்ஜின் நன்றாக ஓடுகிறது; புகை இல்லை, தட்டல் சத்தம் இல்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் கூடுகிறது, வண்டி அரை அடி அரை அடியாக நகர்கிறது. மேடு ஏறியதும் எந்தக் குறையும் இல்லாததுபோல உருண்டு வந்து நின்றது.

மேஸ்திரி கையிலிருந்த டயர் லீவரைக் கீழே வைத்துவிட்டு, வண்டி புறப்பட்ட விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பையன் பானட்டைத் திறக்க ஓடினான். "இருடா" என்று கை காட்டி நிறுத்தினார்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். முதலில் வலது கால் தரைக்கு வந்தது. பிறகு இடது காலை இரு கையாலும் தூக்கி வெளியே வைத்தார். கைத்தடி ஊன்றி நிமிர்ந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். சிறு வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போயிருந்தது. இந்த வண்டியில் கிளட்ச் பெடல் கிடையாது. பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வலது கால் ஒன்றே போதும். மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து வாங்கிக் கொடுத்த வண்டி. 2010-ல் பதிவானது. 15 ஆண்டு முடிந்து, இன்னும் 5 ஆண்டுக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்கள்.

"வாங்க வாத்தியாரய்யா. உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார் மேஸ்திரி. மேஸ்திரிக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். பெங்களூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஜே.சி. ரோட்டில் எந்தச் சந்தில் எந்த உதிரிப் பாகம் கிடைக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். வாசலில் காத்திருந்த லாரி டிரைவரிடம் கன்னடத்தில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டு, அதே மூச்சில் தமிழுக்குத் திரும்பினார். இந்த ஊரில் அது யாருக்கும் விசேஷமில்லை. 1956 நவம்பர் 1 வரை, இந்த ஊர் அடங்கிய கொள்ளேகால் தாலுகா முழுவதும் கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையில் மைசூர் மாவட்டத்துக்குப் போயிற்று; 1997-ல் சாமராஜநகர் மாவட்டம் தனியாகப் பிரிந்தபோது அதற்குள் வந்தது. இப்போது இந்த ஊருக்குத் தாலுகாவும் ஹனூர் ஆகிவிட்டது. கடைப் பலகைகள் கன்னடத்தில் இருக்கின்றன. மாதா கோவில் ஜெபமும் வீட்டுச் சண்டையும் தமிழில் நடக்கின்றன.

"எப்ப இருந்து இப்பிடி?"

"மழை விட்டதுக்கு அப்புறந்தான் தம்பி. காலையில எடுத்தா நல்லாத்தான் போவுது. ஹனூர் வர்றதுக்குள்ள ஒரு ஜெர்க் அடிக்குது. அதோட சரி, கியர் மாறவே மாட்டேங்குது. நின்னு எடுத்தா இழுவையே இல்ல."

"ரிவர்ஸ்?"

"அது நல்லா எடுக்குது."

"வண்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா?"

"சரியாவுது. கொஞ்ச தூரத்துக்கு."

மேஸ்திரி ஸ்டூலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அந்தக் கேள்வியை விடவில்லை. "ஆற வெச்சு ஆன் பண்ணுவீங்களா, சூட்டோட ஒடனே ஆன் பண்ணுவீங்களா?"

வாத்தியார் யோசித்தார். "ஒரு தடவ காமகெரே ஆஸ்பத்திரி வாசல்ல ஒடனே பண்ணேன். அப்பவும் சரியாயிடுச்சு."

மேஸ்திரி எழுந்து நின்றார். முகத்தில் எதுவும் காட்டவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து, பாதி வேலை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. கியர் பெட்டிக்குள் கிளட்ச் தகடுகள் தேய்ந்திருந்தால், ஆற வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். சூட்டோடு சாவியைத் திருப்பியதும் தேய்ந்த தகடு புதிதாகிவிடாது. சாவியைத் திருப்பினால் புதிதாகத் தொடங்குவது கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

வாத்தியார் இன்னொன்றையும் சொன்னார். சொல்லும்போது குரல் தாழ்ந்தது. நகரத்தில் ஓர் இடத்தில் காட்டினாராம். கியர் பாக்ஸையே இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார்களாம். கேட்ட தொகை, இன்று வண்டியை விற்றால் கிடைப்பதில் பாதிக்கு மேல். "வித்துப்போடுங்கன்னு சொல்றாங்க. வித்துட்டு என்னத்த ஓட்டறது? வேற வண்டி வாங்க முடியாது. சாதா கியர் வண்டி எனக்கு ஆகாது." வீட்டுக்காரம்மாவை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், அதற்குத்தான் வண்டி. பஸ் படி அவருக்கும் உயரம், அந்த அம்மாவுக்கும் உயரம்.

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. பையனிடம் திரும்பி, "ஆயில் பாக்கலாம்" என்றார்.

ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதை அவசரப்பட்டுக் கெடுக்கிறவர்களே அதிகம். இன்ஜின் ஆயிலை வண்டியை அணைத்துவிட்டுப் பார்க்கிறோம். இதை இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். சமதரையில் நிற்க வேண்டும். ஆயில் சூடேறியிருக்க வேண்டும். இந்த ரக வண்டிக்கு 70-லிருந்து 80 டிகிரி செல்சியஸ். வாத்தியார் ஓட்டிக்கொண்டு வந்ததால் சூடு தயாராக இருந்தது. மேஸ்திரி உள்ளே ஏறி, பிரேக்கை மிதித்தபடி லீவரை பி-யிலிருந்து ஆர், என், டி, 2, எல் என்று ஒவ்வொன்றாக இறக்கினார். ஒவ்வொரு இடத்திலும் சற்று நின்று, மறுபடி பி-க்கு ஏற்றினார். ஆயில் எல்லா வழியிலும் ஓடி நிரம்ப வேண்டும். லீவர் ஆர்-க்கு வந்தபோதும் டி-க்கு வந்தபோதும் வண்டி தாமதமின்றி லேசாக ஒரு தூக்கு தூக்கியது. அதையும் அவர் உடம்பால் கவனித்தார். லீவரைப் போட்டு இரண்டு மூன்று நொடி கழித்து வண்டி பிடித்தால் உள்ளே அழுத்தம் குறைவு, எங்கோ சீல் இறுகிப்போயிருக்கிறது என்று பொருள். இங்கே அந்தத் தாமதம் இல்லை.

பையன் பஞ்சு வேஸ்ட்டை எடுத்துக்கொண்டு வந்தான். "அது வேண்டாம்டா. நூல் உள்ள போனா வால்வு அடைச்சுக்கும். வெள்ளத் துணி எடு." பழைய வேட்டித் துண்டு வந்தது. ஆயில் கேஜை உருவி, துடைத்து, மறுபடி முழுதாக இறக்கி, உருவினார். அளவு சூட்டுக் குறிக்குள் இருந்தது. கேஜ் முனையை ஒரு வெள்ளைத் தாளில் ஒற்றி வெயிலில் பிடித்தார். புதிதில் சிவப்பாக இருக்கும் ஆயில். இப்போது செங்கல் நிறத்துக்கு வந்திருக்கிறது. கருக்கவில்லை. பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம், அதுவும் இல்லை. மினுமினுப்புத் தூள் இல்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பையனிடமும் நீட்டினார்.

"என்ன வாசன?"

"ஆயில் வாசனதாண்ணா."

"கிளட்ச் எரிஞ்சிருந்தா அடிப்பிடிச்ச பால் மாதிரி நாறும். ஒரு வாட்டி மோந்தா மறக்க மாட்ட."

இந்த ஆயிலைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். சாதாரண கியர் பெட்டிகளில் ஆயில் பல் தேயாமல் காப்பதோடு சரி. இங்கே வண்டியை இழுப்பதே ஆயில்தான். இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஒரு கிண்ணம், உள்ளே வளைந்த இதழ்கள். அது வீசி அடிக்கும் ஆயில் எதிரே இருக்கும் இன்னொரு இதழ்ச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்த இரண்டாவது சக்கரத்துக்கு டர்பைன் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே இன்னொரு சிறு சக்கரம், திரும்பி வரும் ஆயிலை மறுபடி சரியான திசைக்குத் தள்ளி இழுவையைப் பெருக்குகிறது. மூன்றும் சேர்ந்ததே டார்க் கன்வெர்ட்டர். இன்ஜினும் சக்கரமும் புறப்படும் நேரத்தில் இரும்போடு இரும்பு பூட்டிக்கொள்வதில்லை. அதனால்தான் டி-யில் போட்டு பிரேக்கைப் பிடித்து நின்றாலும் இன்ஜின் அணைவதில்லை. அதே ஆயில் அழுத்தமாகி உள்ளே போய், எந்தக் கிளட்ச் எந்த நேரத்தில் இறுக வேண்டுமோ அதை இறுக்குகிறது. சூட்டை வாரிக்கொண்டு கூலருக்குப் போவதும் அதுவே. அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கியர் வழுக்கும். அளவு கூடினாலும் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். வழுக்கல் அங்கேயும் வந்து சேரும்.

1940-ம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ரா-மாட்டிக் வந்ததிலிருந்து, தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வித்தை கார்களில் இருக்கிறது. நம் நாட்டில் நெடுங்காலம் அது பணக்காரர் வீட்டு வாசலோடு நின்றது. 2014-ல் மாருதி செலெரியோவில் ஏ.எம்.டி. வந்த பிறகே சிறு ஊர்களிலும் இரண்டு பெடல் வண்டி சகஜமாயிற்று. ஆனால் ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர் பெட்டிதான். கிளட்ச்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் மோட்டாரோ ஆயில் அழுத்தமோ செய்கிறது. அதைப் பழகிய கை, டார்க் கன்வெர்ட்டர் பெட்டியைக் கண்டால் தயங்கும். தயங்குவதில் தப்பில்லை. தெரியாத பெட்டி என்றதும் மொத்தமாகப் பிரி, மொத்தமாக மாற்று என்று சொல்லிவிடுவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிரித்த பெட்டியை முன்போலப் பூட்ட தூசியில்லாத இடம் வேண்டும், அளவு பார்க்கும் கருவி வேண்டும், இதிலேயே ஊறிய கை வேண்டும். நல்ல நிலையில் இருந்த பெட்டி பிரித்ததனாலேயே கெட்டுப்போகவும் கூடும். பணம் கொடுத்தவருக்கு அது கடைசிவரை தெரியவும் தெரியாது.

பையனுக்குப் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. "அண்ணா, ஸ்டால் டெஸ்ட் பாத்துரலாமா?" எங்கேயோ பார்த்திருக்கிறான். பிரேக்கை முழுக்க மிதித்து, டி-யில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்தி, இன்ஜின் சுற்று எவ்வளவுவரை ஏறுகிறது என்று பார்ப்பது. அளவுக்கு மேல் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. ஏறாமல் நின்றால் இன்ஜினிலோ கன்வெர்ட்டரிலோ சத்தில்லை. ஐந்து நொடிக்கு மேல் போகவே கூடாது, ஆயில் கொதித்துவிடும்.

"வேண்டாம்" என்றார் மேஸ்திரி. "பதினஞ்சு வருஷப் பெட்டி. கேக்க வேண்டிய கேள்விக்குப் பதில் கெடச்சிருச்சு. அத எதுக்குப் போட்டு வதைக்கணும்?"

மாறாக வேறொன்று செய்தார். வண்டியை வாசல் மேட்டுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தி, லீவரை எல்-க்கு இறக்கி ஏற்றினார். எல் என்பது முதல் கியர். மேடு ஏற அதைவிடப் பலம் வேறெதற்கும் இல்லை. வண்டி பழையபடியே முனகி முனகி ஏறியது. லீவர் சொல்வதை வண்டி கேட்கவில்லை. டி, 2, எல் எல்லாமே அதற்கு ஒரே கியர்தான்.

"மூணாவதுல நிக்குது" என்றார் வாத்தியாரிடம். "கம்ப்யூட்டருக்கு ஏதோ சந்தேகம் வந்தா, கியர் மாத்தற வேலைய விட்டுரும். வால்வுகளுக்குப் போற கரண்ட நிறுத்திரும். அப்ப பெட்டி தானா மூணாவது கியர்ல நின்னுக்கும். ஒண்ணாவதுல நின்னா ரோட்டுல போவ முடியாது, நாலாவதுல நின்னா மேடு ஏறாது. வீடு போய்ச் சேரட்டும்னு அப்பிடி வெச்சிருக்காங்க."

"அப்ப பெட்டி?"

"பெட்டி சொன்னதச் செய்யுதுங்க."

வாத்தியார் கைத்தடியின் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

ஸ்கேனர் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, சாவியைப் போட்டார். ஒரே ஒரு பழுதுக் குறியீடு: பி0717. டர்பைன் சுற்றும் வேகத்தைச் சொல்லும் சென்சாரிலிருந்து செய்தி வரவில்லை. கியர் வழுக்கியிருந்தால் பி0731-லிருந்து பி0734 வரைக்குள் ஏதாவது வந்திருக்கும். உள்ளே போகும் சுற்றுக்கும் வெளியே வரும் சுற்றுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்பதற்கான குறியீடுகள் அவை. அவற்றில் ஒன்றுகூட இல்லை.

"சென்சார் போயிருச்சுண்ணா. மைசூருக்குப் போன் போடட்டுமா?"

"எந்த ஊட்டுக்குப் போவணும்னுதான் இது சொல்லுது. ஊட்டுக்குள்ள யாரு தப்பு பண்ணாங்கன்னு நாமதான் பாக்கணும். ஏறு."

பின் இருக்கையில் இடம் இருந்தது. நானும் ஏறிக்கொண்டேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாத்தியார் முன்னால் உட்கார்ந்தார். பையன் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில். குறியீட்டை அழித்துவிட்டு மேஸ்திரி வண்டியை எடுத்தார். இப்போது அது மான்குட்டி. ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர்கள் மாறுவது முதுகில் மெல்லத் தெரிந்தது. இருபக்கமும் மக்காச்சோளக் கொல்லைகள், தூரத்தில் மலை. வாத்தியார் ரோட்டைப் பார்க்கவில்லை. பையன் உரக்கப் படித்துக்கொண்டிருந்த எண்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்ஜின் ஆயிரத்து எண்ணூறு. டர்பைன் ஆயிரத்து எழுநூறு."

"ஸ்பீடு?"

"நாப்பது."

ஒரு பாலத்தில் ஏறி இறங்கிய குலுக்கல். அதற்கு அப்புறமும் எதுவும் நடக்கவில்லை. மேஸ்திரி வேகத்தைக் கூட்டவில்லை, ஏசியை மட்டும் போட்டார். பானட்டுக்குள் சூடு ஏறட்டும் என்று. திரும்பி வரும் வழியில், ரோடு பெயர்ந்து கிடந்த ஓர் இடத்தில், இடுப்பில் குத்தியதுபோல ஜெர்க் அடித்தது.

"அண்ணா, டர்பைன் சைபர்!"

"ஸ்பீடு?"

"முப்பத்தெட்டு."

"இன்ஜின்?"

"ஆயிரத்து அறநூறு."

மேஸ்திரி வண்டியை ஓரமாக நிறுத்தி, திரும்பி, பையனைப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. பையன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "சக்கரம் உருளுது. கியர் சேந்திருக்கு. அப்ப டர்பைன் எப்பிடிண்ணா நிக்கும்? சுத்தித்தானே ஆவணும்?"

"ஆவணும்."

"அப்ப அது நிக்கல. சொல்றதுதான் நிக்குது."

நான் பார்த்த அந்தப் பகலில் முக்கியமான நொடி எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வண்டியின் பழுது பிறகுதான் கிடைத்தது. ஒரு பையனுக்கு யோசிக்கும் வழி அங்கே கிடைத்தது. மேஸ்திரி நினைத்திருந்தால் முதலிலேயே விடையைச் சொல்லியிருக்கலாம்.

ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியையும் அதன் அடித்தட்டையும் கழற்றினார்கள். அதன் பிறகே கியர் பெட்டியின் மேற்புறம் தெரிகிறது. சென்சாருக்கு வரும் கப்ளரைப் பிடுங்கிப் பார்த்தார். முள்கள் சுத்தமாக இருந்தன, பச்சைப் பாசி இல்லை. மீட்டரின் ஒரு முனையை வயரின் இந்த நுனியிலும் மறு முனையை கம்ப்யூட்டர் பக்கத்து நுனியிலும் பையனைப் பிடிக்கச் சொன்னார். மீட்டர் தொடர்ந்து கத்தியது. இணைப்பு இருக்கிறது. பலர் இத்தோடு விட்டுவிடுவார்கள். வயர் சரி, சென்சாரை மாற்று என்று. மேஸ்திரி விடவில்லை. கத்தலைக் கேட்டுக்கொண்டே வயர்க் கட்டை விரல்விரலாக அசைத்துக்கொண்டு வந்தார். பேட்டரித் தட்டு இருந்த இடத்துக்குக் கீழே வந்தபோது கத்தல் விட்டு விட்டு வந்தது. விரலை எடுத்தார், ஒழுங்காயிற்று. மறுபடி தொட்டார், நின்றது.

அந்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. கம்பெனி சுற்றிய டேப் இல்லை, கடையில் வாங்கியது. சூட்டில் பசை உருகி, தூசி அப்பிக் கிடந்தது. பிளேடால் கீறிப் பிரித்தார். எப்போதோ எலி கடித்த வயரை யாரோ முறுக்கிச் சேர்த்து டேப் போட்டிருக்கிறார்கள். ஈயம் வைக்கவில்லை. செம்பு கறுத்துப் போயிருந்தது. குளிர்ந்திருக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கிறது, சூடேறி டேப் தளர்ந்து, ரோடும் குலுக்கினால் ஒரு கணம் விட்டுவிடுகிறது. கம்ப்யூட்டருக்கு அந்த ஒரு கணம் போதும். சாவியைத் திருப்பும்வரை அது மறப்பதில்லை.

"போன வருஷம் வண்டியே ஸ்டார்ட் ஆவலன்னு ஒருத்தர் வந்து பாத்தாரு" என்றார் வாத்தியார். "எலி கடிச்சிருக்குன்னு சொன்னாரு."

"எங்க நிறுத்தறீங்க?"

"ஊட்டுக்குப் பின்னால. சோளத்தட்டுப் போர் இருக்குதில்ல, அது பக்கத்துல. நெழல் இருக்கும்."

மேஸ்திரி சிரித்தார், வாத்தியாரும் சிரித்துவிட்டார்.

கறுத்த பகுதியை இரு பக்கமும் வெட்டி எறிந்து, அதே கனத்தில் ஒரு துண்டு வயரை நடுவில் வைத்து, ஈயம் உருக்கிப் பற்றவைத்தார். மேலே சூட்டில் சுருங்கும் குழாய். பக்கத்து வயர்களிலும் பல் பட்டிருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒன்றில் தோல் மட்டும் உரிந்திருந்தது, அதற்கும் குழாய் போட்டார். எல்லாவற்றையும் நெளிகுழாய்க்குள் செருகி, பேட்டரித் தட்டில் உரசாதபடி கிளிப் போட்டுக் கட்டினார். கையோடு எர்த் வயரின் அடியையும் உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டச் சொன்னார். எர்த் சரியில்லாமல் மின்சாரம் ஏறி இறங்கினால் கியர் கம்ப்யூட்டர் இல்லாத பழுதையெல்லாம் எழுதும் என்றார். பற்றவைப்பு ஆறும்வரை டீ வந்தது.

டீ குடித்துக்கொண்டே வாத்தியார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மாதேஸ்வரன் மலைக்கு ஏத்தலாமா தம்பி? மருமகன் வீட்டுக்காரங்க வர்றாங்க. கூட்டிட்டுப் போவணும்."

"தாராளமா. ஏர்றப்ப லீவர்ல இருக்கற ஓ.டி. பட்டன அமுக்கி ஆஃப்ல வெச்சிருங்க. இல்லாட்டி மூணுக்கும் நாலுக்கும் மாறி மாறித் தாவும், ஆயில் சூடாவும். எறங்கறப்ப 2-ல போடுங்க, கொண்ட ஊசி வளைவுல எல்-லுக்கு எறக்குங்க. பிரேக்க மட்டும் நம்பி எறங்கக் கூடாது. பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல உருட்டவே கூடாது, இன்ஜின் புடிச்சு நிறுத்தறது இல்லாமப் போயிரும்."

"எங்கயாச்சும் நின்னுபோச்சுன்னா தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாதில்ல?"

"முடியாது. கயித்துல கட்டி இழுக்கவும் விடாதீங்க. முன் சக்கரத்தத் தூக்கி வெச்சுத்தான் இழுக்கணும், இல்லன்னா வண்டியில ஏத்திட்டு வரணும். இன்ஜின் ஓடாம சக்கரம் மட்டும் சுத்துனா பெட்டிக்குள்ள ஆயில் போவாது. நல்ல பெட்டி அதுலதான் போவும்."

மறுபடி ஓட்டம். இந்த முறை ஏசி தொடக்கத்திலிருந்தே ஓடியது. பெயர்ந்த ரோட்டில் வேண்டுமென்றே இரண்டு தடவை போய்வந்தார். பையன் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். டர்பைன் ஒரு தடவைகூட சைபரைக் காட்டவில்லை. நின்று எடுத்தபோதும் முதல் கியரில் இழுவை இருந்தது. திரும்பும்போது வாத்தியாரை ஓட்டச் சொல்லி மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒர்க்‌ஷாப் வாசல் மேட்டில் வண்டி நிற்காமல் ஏறியது. வாத்தியார் இன்ஜினை அணைக்காமல் சிறிது நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

கூலி என்று மேஸ்திரி சொன்ன தொகையைக் கேட்டு வாத்தியார் நம்பவில்லை. மறுபடி கேட்டார். அதேதான். வயர், ஈயம், குழாய், அரைநாள் வேலை. அவர் கூடக் கொடுக்கப் பார்த்ததை மேஸ்திரி வாங்கவில்லை. பையன் சட்டைப் பையில் ஒரு நோட்டை வைத்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

"ஆயில் மாத்தணுமா தம்பி?"

"மாத்தணும். ஆனா இன்னைக்கு வேண்டாம். ரெண்டு வாரம் ஓட்டுங்க, இந்தக் கோளாறு திரும்ப வரலன்னு தெரியட்டும். ஒரே நாள்ல ரெண்டு வேல பண்ணா எதுல சரியாச்சுன்னு தெரியாமப் போயிரும். கீழ போல்ட்டக் கழட்டுனா மொத்த ஆயிலும் வராது, கன்வெர்ட்டருக்குள்ள நெறைய தங்கிரும். அதனால ஒரு தடவ எறக்கி ஊத்தி, கொஞ்ச நாள் ஓட்டிட்டு, மறுபடி ஒரு தடவ எறக்கி ஊத்தலாம். மெஷின் வெச்சுத் தள்ளறதெல்லாம் இந்த வயசுல வேண்டாம்."

"நான் வாங்கிட்டு வந்துரட்டுமா? மக மைசூருக்கு வர்றா."

மேஸ்திரி பையனிடமிருந்து பேனாவை வாங்கி, ஆயில் ஒற்றிய அந்த வெள்ளைத் தாளின் காய்ந்த பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். "எஸ்பி-3ன்னு கேன் மேல போட்டிருக்கணும். பவர் ஸ்டியரிங் ஆயிலும் செவப்பாத்தான் இருக்கும், வேற கம்பெனி வண்டியோட கியர் ஆயிலும் செவப்பாத்தான் இருக்கும். எல்லாம் ஒண்ணுதான்னு கடைக்காரர் சொல்வாரு. வாங்காதீங்க. சீவிடி ஆயில்னு குடுத்தா தொடவே தொடாதீங்க. இந்தப் பேரு கெடைக்கலன்னா எனக்குப் போன் போடச் சொல்லுங்க, நான் ஜே.சி. ரோட்டுலருந்து பஸ்ல போடச் சொல்றேன்."

வாத்தியார் தாளை மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார். "வண்டிய முன்னால நிறுத்திக்கறேன். வேப்பமரத்தடியில."

"போர்லருந்து தள்ளி இருந்தா எங்க வேணா நிறுத்துங்க. வாரத்துக்கு ஒரு தடவ பானட்டத் தொறந்து பாருங்க. எலிப் புழுக்கை கெடந்தா அன்னைக்கே கூப்புடுங்க."